மாடி அறையில் என்னோடு உட்கார்ந்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள அக்காமார்களுக்கும் அண்ணன்களுக்கும்,

வணக்கம். மனநோயோடு போராடும் பிள்ளைகளின் பெற்றோர் திருச்சியில் மாதாமாதம் இரண்டாம் சனிக்கிழமை கூடும் நம் கூட்டத்துக்கு நான் வர ஆரம்பித்து ஒன்றரை வருஷம் ஆகிறது. மகளிடம் கேட்டு, அவள் சரி என்ற பிறகுதான் இதை எழுதுகிறேன்.

முதல் தடவை வந்தபோது அவளுக்கு 13 வயது. ஓ.சி.டி., அதாவது எண்ணச் சுழற்சி நோய் என்று டாக்டர் சொல்லி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. பள்ளி விட்டு வந்து கை கழுவப் போனால் இரண்டு மணி நேரம் வெளியே வரமாட்டாள். விரல் இடுக்கெல்லாம் வெடித்து, குழம்பு பட்டால் எரியும் என்று ஸ்பூனில் சாப்பிட்டாள். சொந்தக்காரர்கள் மந்திரிக்கச் சொன்னார்கள். பள்ளியில் டி.சி. வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். என் வளர்ப்புதான் சரியில்லை என்று நானே நம்பிவிட்டேன். நீங்கள் யாரும் "ஏன் இப்படி ஆச்சு?" என்று கேட்கவில்லை. சுண்டல் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினீர்கள்.

மணப்பாறை அக்கா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்ல? "அம்மா, என் கை சுத்தமா இருக்கா?" என்று அவள் ஒரு நாளைக்கு ஐம்பது தடவை கேட்பாள். நானும் ஐம்பது தடவை "இருக்குடா கண்ணு" என்பேன். "நீ சொல்ற ஒவ்வொரு பதிலும் அந்த நோய்க்குத் தீனி. அஞ்சு நிமிஷம் அடங்கும், அப்புறம் இன்னும் பசியோட வரும்" என்றீர்கள். டாக்டரும் இதைத்தான் சொல்லியிருந்தார். ஆனால் உங்கள் மகன் கதையைக் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. கவுன்சிலரோடு மகளையும் வைத்துப் பேசி, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க ஆரம்பித்தோம். முதன்முதலாக நான் பதில் சொல்லாத ராத்திரி, அவள் பாத்ரூம் கதவுக்கு உள்ளே அழுதாள், நான் வெளியே தரையில் உட்கார்ந்து உங்களுக்குப் போன் செய்தேன். நீங்கள் பேசவில்லை, போனை வைக்கவும் இல்லை. நீங்கள் பாத்திரம் தேய்க்கிற சத்தம் மட்டும் முக்கால் மணி நேரம் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஆறாவது வாரம், ஒரு மாற்றமும் இல்லையே என்று மாத்திரையை நிறுத்தப் பார்த்தேன். இந்த நோய்க்கு மருந்து பிடிக்க இரண்டு மூன்று மாதம்கூட ஆகலாம், டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதே என்று தடுத்தது உறையூர் அண்ணன். நடுராத்திரி யாரையும் எழுப்ப மனசு வராவிட்டால் 14416-க்கு அடி, அரசின் இலவச மனநல உதவி எண்ணான டெலிமானஸில் தமிழிலேயே பேசுவார்கள் என்று என் போனில் எண்ணைப் பதிந்து கொடுத்ததும் அவர்தான். ஓய்வுபெற்ற வாத்தியார் அய்யா என்னோடு பள்ளிக்கு வந்து, 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் இருக்கிறது என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். டி.சி. பேச்சு அன்றோடு நின்றது.

என் வீட்டுக்காரர் மூன்று மாதம் மாடி ஏறவே இல்லை, கீழே பைக்கிலேயே உட்கார்ந்திருப்பார். அண்ணன்களே, நீங்கள் இறங்கிப்போய் அவரை டீ குடிக்கக் கூட்டிப்போனீர்கள். பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். நாலாவது மாதம் அவரே மேலே வந்து, எனக்கு முன்னால் பேச ஆரம்பித்துவிட்டார். வீட்டில் அவர் அழுது நான் பார்த்ததே இல்லை.

பரீட்சை வந்தால் இப்போதும் கழுவுவது கூடுகிறது. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை ரசம் சாதத்தைக் கையாலேயே பிசைந்து சாப்பிட்டாள். நான் பார்க்காத மாதிரி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இந்த மாதம் சுண்டல் என் முறை. கறுப்புக் கொண்டைக்கடலை வாங்கி வைத்துவிட்டேன்.

அன்புடன்,
ஜன்னலோரம் உட்காரும் அம்மா