முதல் ஃபிளாஷ் வாங்கும் முன் உங்கள் வீட்டு சீலிங்கைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பண்டிகை நெருங்கினாலே உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் எந்த கேமரா வாங்கலாம், எந்த லென்ஸ் நல்லது, எந்த போனில் இரவுப் படம் தெளிவாக வரும் என்று எழுதுகிறீர்கள். நல்லது, நானும் விடாமல் படிக்கிறேன். ஆனால் வீட்டுக்குள் எடுக்கும் குடும்பப் படங்களைக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி மாற்றிவிடுகிற ஒரு பொருளைப் பற்றி அதில் ஒரு வரிகூட வந்து நான் பார்த்ததில்லை. கேமராவின் மேல் மாட்டுகிற தனி ஃபிளாஷைத்தான் சொல்கிறேன். அதைப் பற்றி விளக்கமாகச் சொல்ல ஆளில்லாததால் கடையில் எடுத்துக் கொடுப்பதையே பலர் வாங்கிப் போகிறார்கள், நாலு படம் எடுத்துப் பார்த்து முகமெல்லாம் வெளுத்துப்போகிறது என்று பீரோவுக்குள் வைத்துவிடுகிறார்கள். அவர்களுக்காகவும் இனி வாங்கப்போகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், இடம் கொடுங்கள்.

நம் வீட்டு விசேஷங்களை யோசித்துப் பாருங்கள். தொட்டில் போடுவது, காதுகுத்து, வளைகாப்பு, முதல் பிறந்தநாள், கொலு, எல்லாமே பெரும்பாலும் நாலு சுவருக்குள், அதிலும் பாதி விடியற்காலையிலோ விளக்கு வைத்த பிறகோ நடப்பவை. ஹாலில் ஒரு டியூப்லைட்டோ இரண்டு எல்.இ.டி. பல்போ எரியும். நம் கண்ணுக்கு அது போதும், கேமராவுக்குப் போதாது. கேமராவோடு வரும் 18-55 லென்ஸ் ஜூம் செய்தால் எஃப் 5.6-க்குப் போய்விடும் (எஃப் எண் கூடினால் ஒளி நுழையும் துளை சின்னதாகிறது என்று அர்த்தம்), வெளிச்சம் போதாமல் கேமரா ஷட்டரை மெதுவாக்கும், இல்லாவிட்டால் ஒளியை உணரும் அளவான ஐ.எஸ்.ஓ.வை ஏற்றும். முதலாவதில் ஓடுகிற குழந்தை கலைந்துபோகும், இரண்டாவதில் படம் பொரிப்பொரியாக வரும். உடனே பக்கத்தில் இருப்பவர்கள் கேமராவை மாற்று, பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் வாங்கு என்று ஆரம்பிப்பார்கள். லட்சக்கணக்கில் செலவழிக்க வேண்டியதில்லை. இருக்கிற கேமராவுக்கு வெளிச்சம் கொடுங்கள், அது போதும்.

வெளிச்சம்தான் கேமராவிலேயே இருக்கிறதே, பொத்தானை அமுக்கினால் எழுந்து நிற்கிறதே என்று கேட்பார்கள். அந்தக் குட்டி ஃபிளாஷ் லென்ஸுக்கு மிக அருகில் இருக்கிறது, நேராக முகத்தில் அடிக்கிறது, அதனால்தான் கண் சிவப்பாக வருகிறது, மூக்கும் நெற்றியும் எண்ணெய் வழிவதுபோல் பளபளக்கின்றன, பின்சுவரில் கன்னங்கரேலென்று நிழல் விழுகிறது. பூஜை அறையில் எடுத்தால் சாமி படத்துக் கண்ணாடியில் ஒரு வெள்ளைப் பொட்டு, பட்டுப்புடவையின் ஜரிகை வெறும் வெள்ளைக் கோடு. குழுப்படத்தில் இன்னொரு சங்கடம் உண்டு. தூரம் இரட்டிப்பானால் வெளிச்சம் கால் பங்காகும் என்பது பள்ளிக்கூட இயற்பியல். முன்வரிசையில் உட்கார்ந்த பாட்டி 2 மீட்டரிலும் பின்னால் நிற்கும் சித்தப்பா 3 மீட்டரிலும் இருந்தால் சித்தப்பாவுக்குப் பாட்டிக்குக் கிடைத்ததில் பாதிகூடக் கிடைக்காது. நம் ஊர்க் குடும்பப் படங்களில் பின்வரிசை இருட்டிக் கிடப்பது இதனால்தான்.

ஒளி வருகிற பரப்பு சின்னதாக இருந்தால் நிழல் கடினமாக விழும், பெரிதாக இருந்தால் மெத்தென்று விழும். தனி ஃபிளாஷின் தலையை மேலே திருப்பி சீலிங்கில் அடித்தால் அந்த வெள்ளை சீலிங் முழுவதும் ஒரு பெரிய விளக்காக மாறி, ஜன்னல் வெளிச்சம் மாதிரி பரவலாக எல்லோர் மேலும் இறங்குகிறது. முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் கிடைப்பதில் பெரிய வித்தியாசம் இருக்காது, சிவப்புக் கண் போய்விடும், கறுத்த நிறமுள்ள முகங்கள் அவற்றின் உண்மையான நிறத்தோடும் மினுமினுப்போடும் வரும். இதை நான் முக்கியமாகக் கருதுகிறேன், ஏனென்றால் நேரடி ஃபிளாஷில் நம் நிறம் சாம்பல் பூத்ததுபோல் வருவதைப் பார்த்துவிட்டு அதுதான் தங்கள் முகம் என்று நினைத்துக் கேமரா முன்னால் நிற்கவே கூச்சப்படுகிற பெண்கள் நம் வீடுகளில் நிறைய.

அதனால் முதல் ஃபிளாஷ் வாங்கும்போது பார்க்க வேண்டிய முதல் விஷயம் இதுதான்: தலை மேலே நிமிருமா, பக்கவாட்டிலும் பின்னாலும் திரும்புமா? சில சின்ன ஃபிளாஷ்களில் தலை மேலே மட்டும் நிமிரும், பக்கவாட்டில் திரும்பாது. கேமராவைப் படுக்கையாகப் பிடிக்கும்போது சரி, நெடுக்காகப் பிடித்தால் அந்தத் தலை பக்கத்துச் சுவரைத்தான் பார்க்கும். ஒரு ஆளை நிற்கவைத்து எடுக்கிற படம் முக்கால்வாசி நெடுக்குப் படம்தானே. அப்படிப்பட்டதை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

அடுத்தது பெட்டியின் மேல் பெரிதாக அச்சடித்திருக்கும் கைடு நம்பர், அதாவது ஃபிளாஷின் பலத்தைச் சொல்கிற எண். கடைகளில் 60 என்றால் பெரிது, 36 என்றால் சின்னது என்று அதை வைத்துத்தான் வியாபாரமே நடக்கிறது. ஐ.எஸ்.ஓ. 100-ல் அந்த எண்ணை எஃப் எண்ணால் வகுத்தால் எத்தனை மீட்டர் எட்டும் என்று கிடைக்கும், கணக்கு அவ்வளவுதான். ஆனால் அந்த 60 என்பது தலையை 200 மில்லிமீட்டருக்கு ஜூம் செய்து ஒளியைக் குறுக்கி அளந்த எண். ஹாலில் நாம் எடுக்கும் 35 மில்லிமீட்டர் அளவில் கேனன் 600இ.எக்ஸ். போன்ற பெரிய ஃபிளாஷிலேயே அது 36-க்கு இறங்கிவிடும். நிக்கான் எஸ்.பி.700-ல் 28 என்று போட்டிருப்பதைப் பார்த்து அது பாதி பலம் என்று நினைத்துவிடக் கூடாது, அது 35 மில்லிமீட்டரிலேயே அளந்த எண். எந்த ஜூமில் அளந்தார்கள் என்று பார்க்காமல் இரண்டு எண்களை ஒப்பிடுவதில் பயனில்லை.

சரி, வீட்டுக்கு எவ்வளவு வேண்டும்? நம் வீட்டு சீலிங் பொதுவாகப் பத்தடி உயரம். ஒளி மேலே போய் இறங்கி ஆளைத் தொட 4 மீட்டர் என்று வையுங்கள். சீலிங்கில் பட்டுச் சிதறுவதில் முக்கால்வாசி வீணாகிறது என்று எடுத்துக்கொண்டாலும், ஐ.எஸ்.ஓ. 400-ல் எஃப் 5.6-க்குப் பெரிய ஃபிளாஷ் பாதிப் பலத்திலேயே சமாளித்துவிடும். கோடாக்ஸ் டி.டி.350 மாதிரி இரண்டு செல் போடுகிற சின்ன ஃபிளாஷ் என்றால் ஐ.எஸ்.ஓ. 800-க்குப் போக வேண்டும், ஒவ்வொரு படத்துக்கும் கொஞ்சம் காத்திருக்கவும் வேண்டும். ஒன்றிரண்டு பேரைப் படுக்கையறையில் எடுக்க அது போதும். கூட்டுக்குடும்பம், பெரிய ஹால், குழுப்படம் என்றால் நாலு செல் போடுகிற பெரியதையே வாங்குங்கள். முழுப் பலத்தில் ஒருதடவை அடித்துவிட்டு அடுத்ததற்கு அது மூச்சு வாங்குகிற நேரத்தில்தான் குழந்தை சிரிக்கும்.

டி.டி.எல். வேண்டுமா, மேனுவல் போதுமா என்ற கேள்விக்கு என் பதில் தெளிவானது: குடும்பப் படத்துக்கு டி.டி.எல். வேண்டும். படம் விழுவதற்குச் சற்று முன்னால் ஃபிளாஷ் லேசாக ஒருமுறை அடிக்க, கேமரா அதை அளந்து எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்று தானே முடிவு செய்வதுதான் டி.டி.எல். மேனுவலில் அதை நாமே எண் போட்டு வைக்க வேண்டும். அசையாத பொருளை எடுக்க மேனுவல் அருமை, விலையும் குறைவு, கோடாக்ஸ் டி.டி.600, யாங்நுவோ 560 எல்லாம் அந்த வகை. ஆனால் தவழ்கிற குழந்தை ஒரு நொடி மடியில் இருக்கும், மறுநொடி வாசலில் இருக்கும். எண்ணைத் திருகிக்கொண்டிருந்தால் படம் போய்விடும். கோடாக்ஸ் டி.டி.685 போன்ற டி.டி.எல். ஃபிளாஷ்கள் கேமரா நிறுவனங்களின் சொந்தப் பெரிய ஃபிளாஷ் விலையில் பாதிக்கும் குறைவாகவே கிடைக்கின்றன, மேனுவலாகவும் வேலை செய்யும்.

ஆனால் உங்கள் கேமராவுக்கு உரியதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். கேனனுக்கு வேறு, நிக்கானுக்கு வேறு, சோனிக்கு வேறு, பெயரின் கடைசி எழுத்தில் அது இருக்கும். இதில் உங்கள் வாசகர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. முதல் கேமராவாகப் பலர் வாங்குகிற கேனன் 1500டி, 3000டி, 200டி மார்க் 2 ஆகியவற்றில் ஃபிளாஷ் மாட்டும் ஹாட் ஷூவின் நடுவில் இருக்க வேண்டிய பின் கிடையாது. நடுப் பின்னை மட்டும் நம்பியிருக்கும் மலிவான மேனுவல் ஃபிளாஷ் அவற்றில் மாட்டும், தயார் என்று காட்டும் விளக்கு எரியும், ஆனால் அடிக்காது. ஃபிளாஷ் பழுது என்று திருப்பிக்கொண்டு போனால், பெட்டியைப் பிரித்தாயிற்று, எடுத்துக்கொள்ள மாட்டோம் என்கிறார்கள். பாவம், படிக்கிற பிள்ளைகள் காசு சேர்த்து வாங்கி இதில் மாட்டிக்கொள்கிறார்கள். இந்த கேமராக்களை விற்கும்போதே இதைச் சொல்ல வேண்டிய கடமை விற்பவர்களுக்கு இருக்கிறது. நீங்களும் ஒருமுறை கட்டம் கட்டிப் போட்டால் எத்தனையோ பேருக்கு உதவும்.

பழைய பிலிம் கேமராவின் ஃபிளாஷ் பெட்டியில் இருக்கிறதே, அதையே மாட்டலாமா என்றால், வேண்டாம். அவற்றில் சிலவற்றின், கேமராவில் மாட்டுகிற காலில் நூறு வோல்ட்டுக்கு மேல் இருக்கும், இன்றைய கேமராவின் சர்க்யூட் போய்விடக்கூடும். பழுதானதைத் திருப்புளி வைத்துத் திறந்தும் பார்க்காதீர்கள், செல்லை எடுத்த பிறகும் உள்ளே கெபாசிட்டரில் மின்சாரம் தேங்கியிருக்கும்.

செல் விஷயத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம். சாதாரணக் கடிகாரச் செல் ஃபிளாஷுக்கு உதவாது. ரீசார்ஜ் செய்கிற நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் எட்டு வாங்குங்கள், நாலு உள்ளே, நாலு சட்டைப்பையில். வேலை முடிந்ததும் வெளியே எடுத்து வையுங்கள், உள்ளேயே கிடந்து கசிந்தால் ஃபிளாஷின் ஸ்பிரிங் எல்லாம் அரித்துவிடும். கூடுதல் பணம் இருந்தால் லித்தியம் பேட்டரியோடு வரும் வகையை வாங்கலாம், முழுப் பலத்தில்கூட நூற்றுக்கணக்கான படம் தாங்கும்.

வெள்ளை சீலிங் எல்லார் வீட்டிலும் இல்லை என்பது தெரியும். ஓட்டு வீடு, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், மரம் போட்ட பழைய செட்டிநாட்டுக் கூரை, இவற்றில் மேலே அடித்தால் ஒளியை அதுவே குடித்துவிடும். அங்கே பக்கத்தில் இருக்கும் வெளிர் நிறச் சுவரில் அடியுங்கள், படமும் இன்னும் அழகாக, ஒரு பக்க நிழலோடு வரும். சுவர் கிளிப்பச்சையாகவோ ரோஜா நிறத்திலோ இருந்தால் முகத்திலும் அதே நிறம் ஏறும், அப்போது யாரையாவது ஒரு தெர்மகோல் அட்டையையோ மடித்த வெள்ளை வேட்டியையோ விரித்துப் பிடிக்கச் சொல்லி அதில் அடிக்கலாம். சினிமா படப்பிடிப்பிலேயே தெர்மகோல் பிடிக்கிறார்கள், நாம் பிடித்தால் என்ன? ஒளியைப் பரப்பும் என்று இலவசமாகத் தருகிற பிளாஸ்டிக் டிஃப்யூசர் மூடியை நம்பி நேராக அடிப்பதில் பெரிய பலன் இல்லை, அதுவும் சின்னப் பரப்புதான்.

ஷட்டரை 1/100-ல் வையுங்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பழைய டியூப்லைட் நொடிக்கு நூறு முறை மினுக்கும், 1/100 வைத்தால் அது படத்தில் தெரியாது. ஐ.எஸ்.ஓ. 800 வரை ஏற்றினால் ஹாலின் விளக்கு வெளிச்சமும் கொஞ்சம் சேர்ந்து பின்னணி இருட்டாமல் இருக்கும். குத்துவிளக்குச் சுடரும் கொலுப்படி விளக்கும் உயிரோடு இருக்க இதுதான் வழி. தலையை நேர் மேலே வைக்காமல் கொஞ்சம் பின்னால், உங்கள் தோளுக்கு மேலே சாய்த்துப் பாருங்கள், கண்ணுக்குக் கீழே விழும் கருநிழல் போய்விடும்.

குழந்தைக்கு ஃபிளாஷ் அடித்தால் கண் போய்விடும் என்று வீட்டுப் பெரியவர்கள் தடுப்பார்கள். 2015-ல் சீனாவில் ஒரு குழந்தைக்கு அப்படி ஆனதாகச் செய்தி உலகம் முழுக்கச் சுற்றியது, கண் மருத்துவர்கள் பலர் அதை அப்போதே மறுத்தார்கள். வீட்டு ஃபிளாஷால் பார்வை போகாது. அதற்காக முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்து அடிக்க வேண்டியதும் இல்லை. சீலிங்கில் அடிக்கும்போது தூங்குகிற குழந்தைகூடப் பெரும்பாலும் விழிப்பதில்லை, பெரியவர்களிடம் இதைப் பொறுமையாகச் செய்துகாட்டினாலே ஒப்புக்கொள்வார்கள்.

கடைசியாகக் கடையில் செய்ய வேண்டியது. உங்கள் சொந்த கேமராவைக் கையோடு எடுத்துப் போங்கள். ஃபிளாஷை அதில் மாட்டி, தலையை மேலே திருப்பி, கேமராவை நெடுக்காகப் பிடித்து ஒரு படம், படுக்கையாகப் பிடித்து ஒரு படம் எடுத்துப் பாருங்கள். அடுத்தடுத்து நாலு முறை அடித்து இடையில் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று கவனியுங்கள். மாட்டிக் காட்ட மாட்டோம் என்கிற கடையில் வாங்க வேண்டாம், பில் கேட்டு வாங்குங்கள், உத்தரவாதம் யார் பெயரில், எத்தனை நாளுக்கு என்று அதிலேயே எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகர்,
திருச்சி