மனிகா அரசி வாங்கிய வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

அரசி எறும்புகள் வந்து சேரும் பருவத்தில்தான் வழக்கமாக எங்கள் மடல் வரும். இம்முறை முந்திக்கொண்டு எழுத வேண்டியதாகிவிட்டது. ஏன் என்று உங்களில் பலருக்குத் தெரியும். வீட்டில் வளர்ப்பதற்காக நாங்கள் விற்கும் மனிகா என்ற மலை எறும்பின் அரசி ஒன்று சோதனைக்குழாய்க்குள் கால்களை மடக்கி இறந்து கிடக்கும் படமும், கருவுறாத அரசிகளை விற்று ஏமாற்றும் கடை என்ற வாசகமும் சில வாரங்களாகக் கைமாறிக்கொண்டிருக்கின்றன. படத்தில் இருப்பது எங்கள் குழாய்தான். பஞ்சைச் சுற்றியிருக்கும் பச்சை நூல் நாங்கள் கட்டுவது. அதை மறுக்கவில்லை.

இறந்தது என்று சொல்லியிருந்தால் வருத்தப்பட்டிருப்பேன், அவ்வளவுதான். ‘ஏமாற்று’ என்ற சொல்தான் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. ஆகவே கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புகார் இதுதான்: அரசி ஓரிடத்தில் நிற்கவில்லை, இரவும் பகலும் குழாய்க்குள் நடந்துகொண்டே இருந்தது, பஞ்சைப் பிய்த்தது, இட்ட நான்கைந்து முட்டைகளையும் தின்றுவிட்டது, மூன்றாம் வாரம் இறந்துபோனது, ஆகவே அது கருவுறாத அரசி. எறும்பு வளர்ப்பில் பழகியவர்களுக்கே இப்படித் தோன்றும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஏனென்றால் நாம் எல்லோரும் தொடங்கியது கறுப்புத் தோட்டத்து எறும்பான லேசியஸ் நைஜரில். அந்த அரசி சாது. கூட்டை அடைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்தால், முதல் வேலைக்கார எறும்புகள் வெளிவரும்வரை ஒரு துளி உணவும் கேட்காது. இனிப் பறக்கத் தேவையில்லை என்பதால் தன் இறகுத் தசைகளையே கரைத்துப் புழுக்களுக்கு ஊட்டும். குழாயைத் துணியால் மூடி, அலமாரியில் வைத்து, ஒரு மாதம் மறந்துவிடலாம். அந்த இனத்தின் அரசி ஒன்று வளர்ப்பில் ஏறக்குறைய 29 ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மனிகா ரூபிடா அப்படிப்பட்டதல்ல. ஆல்ப்ஸ், கார்பாத்தியன் போன்ற மலைகளில், செடிகொடி அதிகமில்லாத சரிவுகளிலும் ஆற்றோரச் சரளை மண்ணிலும் கூடு கட்டும் எறும்பு இது. இதன் அரசி பாதி வாசலைத் திறந்து வைத்தே குடும்பம் தொடங்குகிறது. உடம்பில் இருக்கும் சேமிப்பு முதல் தலைமுறையை வளர்க்கப் போதாது; அதனால் தானே வெளியே போய் இரை பிடித்து வந்து புழுக்களுக்குக் கொடுக்கிறது. அது நடப்பதும் பஞ்சைப் பிய்ப்பதும் நோயல்ல, வேட்டைக்கு வழி தேடுவது. வழி கிடைக்காதபோது முட்டையைத் தின்கிறது. பசியோடு இருப்பவளை அறைக்குள் பூட்டிவிட்டு, கதவைத் தட்டுகிறாள் என்று குறை சொன்னால் எப்படி?

எங்கள் பின்னறையில் இது நடப்பதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். குழாயின் வாயைத் திறந்து, உள்ளங்கை அளவு மேய்ச்சல் பெட்டியில் பொருத்தியிருப்போம். தலை நசுக்கிய பழ ஈ ஒன்றைச் சாமணத்தால் வைத்தால், முதலில் இரண்டு உணர்கொம்புகள் மட்டும் வாயிலில் தெரியும். அரசி வெளியே வரும், ஈயைத் தொடும், சட்டென்று பின்வாங்கும். மறுபடி வரும். மூன்றாவது தடவை கவ்வி, பின்னோக்கி நடந்தே உள்ளே இழுத்துப்போய், புழுக்கள் குவிந்திருக்கும் இடத்தில் போடும். வெள்ளை அரிசிபோல் கிடக்கும் புழுக்கள் தலையை மெல்ல வளைத்து ஈயின் மேல் வாய் வைக்கும். நான்கு ஆண்டுகளாக இந்த அரசிகளைக் கவனித்துக்கொண்ட எங்கள் உதவியாளர் ஒவ்வொன்றும் எந்த நாளில் எத்தனை ஈ எடுத்தது என்று நோட்டில் குறித்து வைத்திருக்கிறார். அவர் மேற்படிப்புக்காகப் போய்விட்டார். அதன்பின் சில வாரங்கள் கடை தடுமாறியது உண்மை. அந்தத் தவணையில் சென்ற சில பெட்டிகளில் கறுப்பு எறும்புக்கான பழைய குறிப்பட்டை இருந்திருக்கிறது, அது மாற்றப்பட்டுவிட்டது.

கருவுற்றதா இல்லையா என்ற கேள்விக்கு வருகிறேன். வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது. இறகு உதிர்ந்திருப்பது சான்றல்ல. கருவுறாத அரசியும் இறகை உதிர்க்கும். முட்டையும் சான்றல்ல, ஏனெனில் கருவுறாத முட்டையிலிருந்து ஆண் எறும்பு பிறக்கும். வேலைக்கார எறும்பு ஒன்று கண்முன் நடந்தால்தான் உறுதி. இதுவரை முட்டை இட்டதும் விற்றோம். இனி முதல் வேலைக்கார எறும்பு வெளிவந்த பிறகே மனிகா அரசி கடையை விட்டுப் போகும். அதுவரை ஊட்டி வளர்ப்பது எங்கள் பொறுப்பாகிறது என்பதால் எண்ணிக்கை குறையும், விலையும் சற்றே கூடும்.

இன்னொன்று. கூட்டுப்புழுவுக்கு உறை இல்லையே, ஊனமா என்று மூன்று பேர் கேட்டிருந்தார்கள். இல்லை. மனிகா சேர்ந்த துணைக்குடும்பத்து எறும்புகள் உறை பின்னுவதில்லை. கைகால் மடித்த வெள்ளைப் பொம்மைபோல் வெறுமனேதான் கிடக்கும். கண்ணில் முதலில் கருமை ஏறும், பிறகு உடம்பு பழுப்பாகும்.

மலை எறும்பைக் கொல்வதில் பசிக்கு அடுத்த இடம் அன்புக்குத்தான். குளிருமே என்று கூட்டுக்கு அடியில் முழுதாக வெப்பத்தகடு வைப்பவர்களைச் சொல்கிறேன். ஒரு மூலை மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால் போதும். எங்கே இருப்பது என்பதை எறும்புகளே முடிவு செய்துகொள்ளும். குளிர்காலத்தில் நான்கைந்து மாதம் 5 முதல் 8 டிகிரி செல்சியஸில் உறங்க விட்டே ஆக வேண்டும். வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டு தாராளமாகப் போதும், கதவுத் தட்டு வேண்டாம்; திறக்கும்போதெல்லாம் அதிரும். அந்த மாதங்களில் அசையாமல் கிடப்பதைப் பார்த்து இறந்துவிட்டது என்று குப்பையில் கொட்டியவர் ஒருவர் உண்டு. குளிர் உறக்கம் இல்லாமல் ஆண்டு முழுவதும் சூட்டில் வைத்த கூட்டில் அரசி முட்டையிடுவதை நிறுத்திவிடும். அடுத்த ஆண்டு நீங்கள் எங்களைத்தான் திட்டுவீர்கள்.

வெறுங்கையால் தொடாதீர்கள் என்று மறுபடியும் சொல்கிறேன். இது அமிலம் தெளித்துவிட்டு ஓடும் எறும்பு அல்ல, கொடுக்கு உள்ளது, நன்றாகவே கொட்டும். என் இடக்கைப் பெருவிரல் ஒருநாள் மதியம் கொட்டு வாங்கி, இரவு வரை தெறித்துக்கொண்டிருந்தது.

மலையிலிருந்து கூடுகளைத் தோண்டி எடுக்கிறீர்களா என்று கேட்டவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். 2025இல் கென்யாவில் சுமார் 5,000 எறும்புகளைக் கடத்த முயன்று பிடிபட்டவர்களுக்குத் தலைக்குப் பத்து லட்சம் ஷில்லிங் அபராதம் விதிக்கப்பட்டதைப் படித்த பிறகு இந்தக் கேள்வி வருவது நியாயம். நாங்கள் கூட்டைத் தொடுவதில்லை. இணை சேரும் மணப்பறப்பு முடிந்து தரையில் அலையும் அரசிகளை மட்டும், நிலத்துக்கு உரியவரின் அனுமதியோடு எடுப்பவர்களிடம் வாங்குகிறோம். காகிதங்கள் கடையில் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

புகார் பரவிய வாரத்திலேயே தாங்கள் வளர்த்த கூடுகளின் படங்களை அனுப்பி, எங்கள் அரசி நலம் என்று எழுதியவர்களை எப்படி மறப்பேன்? ஒருவர் இருபத்தாறு வேலைக்கார எறும்புகளை ஒவ்வொன்றாக வட்டமிட்டு அனுப்பியிருந்தார். அந்தப் படத்தை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். படத்தைப் பரப்பியவரும் எங்கள் பழைய வாடிக்கையாளர்தான். அவருக்கு ஓர் அரசி எடுத்து வைத்திருக்கிறேன், அதன் முதல் நான்கு பிள்ளைகளோடு, வந்து வாங்கிக்கொள்ளலாம். சென்ற தவணையில் வாங்கி அரசியை இழந்த மற்றவர்களும் குழாயைக் கொண்டுவந்தால் மாற்றித் தருகிறோம். கையிருப்பு உள்ளவரை.

உறக்கக் காலம் தொடங்கிவிட்டதால் அடுத்த வெயில் பருவம் வரை அஞ்சலில் மனிகா அனுப்புவதில்லை. பழ ஈ, சோதனைக்குழாய், பஞ்சு ஆகியவை வழக்கம்போல் கிடைக்கும்.

நன்றியுடன்,
கடை உரிமையாளர்