கடை போடப்போகிற மகளுக்கு

அன்பான மகளுக்கு,

போன ஞாயிறு போனில் நான் கத்தினது பிழைதான். "புத்தகம் வித்து ஆராவது வாடகை கட்டியிருக்கினமோ?" என்று கேட்டதும் நீ போனை வைத்துவிட்டாய். அம்மா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. நீயும் உன் ஜமேக்காச் சிநேகிதியும் பர்மிங்காமில் கறுப்பர் எழுத்துக்கென்று ஒரு கடை போடப்போகிறீர்கள் என்றால், இருபத்தாறு வருஷம் பாணும் பாலும் பத்திரிகையும் விற்றவனுக்குக் கணக்குத்தானே முதலில் ஓடும்?

அப்புறம் மனம் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை இங்கே லண்டனில் பின்ஸ்பரி பார்க் போனேன். ஸ்ட்ரவுட் கிரீன் ரோட், 76ஆம் இலக்கம், நியூ பீக்கன் புக்ஸ் என்ற கறுப்பர் புத்தகக்கடை. கடைக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு அந்த ரோட்டால் எத்தனை தரம் வானில் போயிருப்பேன்! ஒருநாளும் இறங்கிப் பார்த்ததில்லை. டிரினிடாட்டிலிருந்து வந்த தொழிற்சங்கக்காரர் ஜான் லா ரோஸும் சாரா வைட்டும் 1966இல் பதிப்பகமாகத் தொடங்கியது. புத்தக விற்பனை முதலில் அவர்கள் வீட்டிலேயேதான் நடந்தது. 1973இல்தான் இந்தக் கடை. டிரினிடாட்டில் 1930களில் 'பீக்கன்' என்றொரு சஞ்சிகை வந்ததாம், அந்தப் பெயரைத்தான் கடைக்கு எடுத்திருக்கிறார்கள்.

நான் போனதும் செய்த முதல் வேலை, ஒரு புத்தகத்தைத் திருப்பிப் பின்னட்டையைப் பார்த்ததுதான். விலை அங்கேயே அச்சடித்திருக்கிறது. அதற்கு மேலே ஒரு பென்ஸ் வைத்தாலும் ஆர் வாங்குவான்? வாடகை ஏறினால் கடைக்காரன்தான் தாங்கவேண்டும். 1995 வரைக்கும் இந்த நாட்டில் எந்தக் கடையிலும் ஒரு புத்தகத்துக்கு ஒரே விலை என்று பதிப்பாளர்களுக்குள் உடன்பாடு இருந்தது. அது உடைந்த பிறகு சுப்பர்மார்க்கெட்காரன் ஓடுகிற புத்தகத்தை அரை விலைக்குப் போட்டான். என் பாலுக்குச் செய்ததையேதான் புத்தகத்துக்கும் செய்திருக்கிறான். ஒரு நல்லது, புத்தகத்துக்கு வட் வரி இல்லை. விற்காததைப் பெரும்பாலும் திருப்பியும் அனுப்பலாம். விற்காத பாணை நான் யாருக்கு அனுப்பினேன்? நாங்கள்தான் திங்கட்கிழமையும் தின்றோம்.

கணக்கு பார்க்கப் போனவன் ஒரு மணித்தியாலம் நின்றுவிட்டேன். 1971இல் இவர்கள் ஒரு சின்னப் புத்தகம் போட்டிருக்கிறார்கள், கிரனடாக்காரர் பெர்னார்ட் கோர்ட் எழுதியது. கரீபியன் பிள்ளைகளை 'படிப்பில் பின்தங்கியவர்கள்' என்று முத்திரை குத்தி, தனிப் பள்ளிக்கூடங்களுக்கு அளவுக்கு மிஞ்சித் தள்ளுகிறார்கள் என்று காட்டிய புத்தகம். அதை எழுதினது அந்தப் பிள்ளைகளின் தாய்தகப்பனுக்காக. உனக்கு ஆறு வயதில் உன்னைக் கடைசி மேசையில் இருத்தி, "வீட்டில் தமிழ் கதைப்பதை நிறுத்துங்கள்" என்று அந்த ரீச்சர் சொன்னது ஞாபகமிருக்கா? நான் தலையாட்டிவிட்டு வந்தேன். கடையைத் திறக்க நேரமாகிவிட்டதென்று அவசரம் வேறு. அந்தப் புத்தகம் அப்போது என் கையில் இருந்திருந்தால் தலையாட்டியிருக்க மாட்டேன்.

லா ரோஸ் 1969இலேயே தன் வீட்டில் பிள்ளைகளுக்கு ஒரு துணைப் பள்ளிக்கூடமும் தொடங்கியிருக்கிறார். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு உன்னை அழ அழ இழுத்துக்கொண்டு போனோமே, இந்த ஊரில் அந்தப் பாதையை எங்களுக்கு முன்னமே வெட்டிவைத்தவர்கள் அவர்கள்தான். எங்கள் இலங்கைத் தமிழர், எழுத்தாளர் அ. சிவானந்தனுக்கு இதெல்லாம் தெரிந்திருந்தது. 1958இல் இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்துக்குத் தப்பி லண்டன் வந்தவர், வந்த கையோடு இங்கே கறுப்பருக்கு எதிரான நொட்டிங்ஹில் கலவரத்தைக் கண்டார். நூலகராக இருந்துகொண்டே, கறுப்பென்பது தோலின் நிறமல்ல, அரசியல் நிறம் என்று நின்றவர். நானோ பக்கத்து ரோட்டில் இருந்துகொண்டு சிகரெட் அடுக்கினேன்.

உனக்கு நல்லதை மட்டும் சொல்ல நான் வரவில்லை. 1970களில் இனவெறியர்கள் இப்படியான கடைகளைத் தாக்கினார்கள். 1977இல் கடைக்காரர்கள் ஒன்றுசேர்ந்து ஒரு நடவடிக்கைக் குழு அமைக்க வேண்டி வந்தது. ஈலிங்கில் ஹன்ட்லி தம்பதி நடத்திய கடை 1980இல் கொலையுண்ட கயானா வரலாற்றாசிரியர் வால்டர் ரொட்னியின் பெயரைத் தாங்கி நின்றது, இன்றைக்கு அது இல்லை. நியூ பீக்கனே 2021 கடைசியில் கடையைப் பூட்டிவிட்டு இணையத்தில் மட்டும் விற்கப்போவதாக அறிவித்தது. சனம் காசு சேர்த்துக் கொடுத்துத்தான் கதவு பூட்டாமல் தப்பியது. நாங்கள் மூடினபோது பக்கத்து வீட்டுக் கிழவி மட்டும்தான் வந்து கவலைப்பட்டா, அதுவும் லொத்தர் டிக்கெட் எங்கே வாங்குவதென்று.

வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க முதல் எனக்கு அனுப்பு. எத்தனை வருஷத்துக்கு ஒருக்கா வாடகையைக் கூட்டுவான், இடையில் விட்டுப்போகலாமா என்ற இரண்டு வரியையும் நான் பார்க்கவேண்டும். உன் சிநேகிதியின் அம்மாவையும் கேள், கடை திறக்கிற அன்று சாப்பாடு அவவா, எங்கள் அம்மாவா என்று. இரண்டு பேரும் சமைத்தால் சண்டை வரும்.

பழைய பார்கோட் மெஷின் கராஜில் கிடந்தது. துடைத்துப் பார்த்தேன், இன்னும் வேலை செய்கிறது.

அப்பா