இன்ஃபெக்‌ஷன் கன்ட்ரோல் மார்க் – வார்டு இன்சார்ஜ் எல்லாரும் படிங்க

சிஸ்டர்ஸ், வர்ற செவ்வாய்க்கிழமை டபிள்யூஎச்ஓ 2018ல குடுத்த ஐபிசிஏஎஃப் ஃபார்ம (ஆஸ்பத்திரில நோய்த்தொற்று பரவாம எவ்வளவு தடுக்குறோம்னு பாக்குற கேள்வித்தாள்) வெச்சு நம்ம ஆஸ்பத்திரிக்கு நாமளே மார்க் போடப்போறோம், வெளிய இருந்து யாரும் வரல, அதனால பயந்துபோய் ரெஜிஸ்டர் எல்லாம் உக்காந்து புதுசா எழுதாதீங்க ப்ளீஸ். மொத்தம் 8 பகுதி, ஒவ்வொண்ணுக்கும் 100, ஆக 800. 600க்கு மேல வந்தா அட்வான்ஸ்டு, 200ஐ தாண்டலன்னா பத்தாதுன்னு அர்த்தம்.

போன தடவ நான் நோட்டோட நின்னப்ப எல்லாரும் சூப்பரா கை கழுவுனீங்க, நான் அந்தப்பக்கம் போனதும் என்ன நடந்துச்சுன்னு ஹேண்ட்ரப் (கையில தேய்க்குற கிருமிநாசினி) பாட்டில் தீராம அப்படியே இருந்ததுலயே தெரிஞ்சுபோச்சு. இந்தத் தடவ ஹேண்ட்ரப் எவ்வளவு வாங்கிட்டுப் போனீங்கன்னு ஸ்டோர் கணக்கையும் சேர்த்துப் பாப்பேன், இப்பவே சொல்லிட்டேன்.

250 பெட்டுக்கு ஒரு முழுநேர இன்ஃபெக்‌ஷன் கன்ட்ரோல் ஆள் இருக்காங்களான்னு ஒரு கேள்வி வரும், அதுல நமக்கு மார்க் போகும், போகட்டும், உள்ளத எழுதுனாதான் மேனேஜ்மென்ட்கிட்ட ஆள் கேக்க முடியும். பெட்டுக்கு நடுவுல 1 மீட்டருக்கு மேல இடம் இருக்கா, சிங்க்ல தண்ணி சோப்பு இருக்கான்னு பாத்து திங்கள் சாயந்தரத்துக்குள்ள இங்க போடுங்க. நைட் டூட்டிக்காரங்களுக்கும் சொல்லிடுங்க.