ஷார்ட்டி மெட்லாக்கின் பெயரைப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கத் தென்மாநில ராக் குழுக்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் தடவை ஆசையோடு. இரண்டாம் தடவை, என் கண்ணில்தான் ஏதாவது கோளாறா என்று பார்ப்பதற்காக. பிளாக்ஃபுட் குழுவின் 'ட்ரெய்ன், ட்ரெய்ன்' பாட்டைப் பற்றி உங்கள் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார்: "நிஜ ரயிலின் ஓசையைப் பதிவு செய்து பாட்டின் முன்னால் ஒட்டியிருக்கிறார்கள்."

ஐயா, அங்கே ரயிலே கிடையாது. ஒரு பெரியவர் மவுத் ஆர்கன் வாசிக்கிறார். அவர் பெயர் ஷார்ட்டி மெட்லாக். குழுவின் பாடகர் ரிக்கி மெட்லாக்குக்குத் தாத்தா. பேரனைத் தன் பிள்ளையாகவே வளர்த்து, பாஞ்சோ என்ற தந்திவாத்தியத்தைச் சொல்லிக்கொடுத்தவர். அந்தப் பாட்டை எழுதியவரும் அவர்தான். 1979இல் வந்த 'ஸ்ட்ரைக்ஸ்' இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்தில், சுமார் அரை நிமிடம் ஓடும் அந்த வாசிப்புக்குத் தனியாகத் தலைப்பே கொடுத்திருக்கிறார்கள். உறையைத் திருப்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

நான் பொன்மலை ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவன். நீராவி எஞ்சின் கிளம்பும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பாடம் படித்தவன். நாற்பது வருடமாக மவுத் ஆர்கனும் வாசிக்கிறேன். கீழ்த்துளைகளில் ஊதியும் உறிஞ்சியும், நாக்கால் தட்டித் தட்டி அந்தத் தடதடப்பைக் கொண்டுவர வேண்டும். முதலில் மெதுவாக, அப்புறம் வேகம் பிடிக்க வேண்டும். இடையில் இரண்டு துளைகளைச் சேர்த்து உறிஞ்சி, சுரத்தை வளைத்து, கையைக் குவித்துத் திறந்தால்தான் எஞ்சின் கூவும். இதற்கு நடுவே மூச்சு வாங்க இடம் கிடையாது. வாசிப்பே மூச்சாகிவிட வேண்டும். எனக்கு இது ஓரளவு கைவர ஆறு வருடம் பிடித்தது. ஷார்ட்டி அளவுக்கு இன்றுவரை வரவில்லை.

நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தின் ஆண்டு விழாவில் இதை வாசித்தேன். முடித்ததும் மைக்கைப் பிடித்தவர், "டேப்பைப் போட்டுவிட்டுச் சார் நன்றாக வாயசைத்தார்" என்றார். அரங்கம் சிரித்தது. அப்போது என் மனைவியும் முன்வரிசையில் இருந்தாள். பதினெட்டு வருடமாகிறது. உங்கள் கட்டுரையில் அந்த வரியைப் படித்ததும் அதே சிரிப்புத்தான் காதில் கேட்டது.

மவுத் ஆர்கன் என்றால் திருவிழாக் கடையில் பிள்ளைகளுக்கு வாங்கிக்கொடுக்கும் சாமான் என்ற நினைப்பு நம்மிடம் போகவே மாட்டேன் என்கிறது. டிஃபோர்ட் பெய்லியின் கதை உங்களுக்குத் தெரியாததல்ல. சிறுவயதில் இளம்பிள்ளை வாதத்தால் உடல் வளர்ச்சி குன்றிய அந்தக் கறுப்பினக் கலைஞர், 1927இல் 'பேன் அமெரிக்கன்' என்ற ரயிலை மவுத் ஆர்கனில் ஓட்டிக் காட்டி இசைத்தட்டாகப் பதிவு செய்தார். நாஷ்வில் வானொலியின் பெரிய நட்சத்திரங்களில் ஒருவராக இருந்தவரை 1941இல் நிகழ்ச்சியிலிருந்து நீக்கினார்கள். அதன்பின் செருப்புக்குப் பாலிஷ் போட்டுப் பிழைத்தார். ஷார்ட்டி வாசித்ததும் இந்த மரபில்தான். இப்படி வாசித்துக் காட்டிய மனிதர்களை ஒரே வரியில் இயந்திரமாக்கிவிட்டது உங்கள் கட்டுரை.

அதோடு போயிற்றா? பிளாக்ஃபுட்டை "லினர்ட் ஸ்கைனர்டின் நகல்" என்றும் எழுதியிருக்கிறார். இரண்டு குழுவுமே புளோரிடாவின் ஜாக்சன்வில் ஊரைச் சேர்ந்தவை. ஸ்கைனர்டின் முதல் இசைத்தட்டு வந்தது 1973இல். அதற்கு முன்பே, 1971-72இல், இதே ரிக்கி மெட்லாக் அவர்களுக்கு டிரம்ஸ் வாசித்து, பாடியும் இருக்கிறார். ஒரே ஊரில் ஒன்றாக வாசித்துப் பழகியவர்களில் யாருக்கு யார் நகல்? "தெற்கத்தி வெள்ளைக்காரப் பையன்கள்" என்ற வரியும் அப்படித்தான். ரிக்கி, டிரம்ஸ் வாசித்த ஜாக்சன் ஸ்பையர்ஸ், பேஸ் கிட்டார் கிரெக் வாக்கர் ஆகிய மூவருக்கும் அமெரிக்கப் பூர்வகுடி வம்சாவளி உண்டு. பிளாக்ஃபுட் என்பதே ஒரு பூர்வகுடி இனத்தின் பெயர். குழு அந்தப் பெயரை வைத்துக்கொண்டதே அதனால்தான். பெயருக்கான காரணத்தைக்கூட விசாரிக்காமல் மூன்று பக்கம் எழுத முடிகிறது.

கட்டுரையாளருக்குக் "காதைக் கிழிக்கும் கிட்டார்" மட்டும்தான் கேட்டிருக்கிறது. எனக்கும் அந்தக் கிட்டாரின் முரட்டுத்தனம் பிடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் இதே பாட்டை 1999இல் அமெரிக்க நாட்டுப்புறப் பாணிப் பாடகி டாலி பார்ட்டன், புளூகிராஸ் என்ற கிராமிய இசைப் பாணியில், மின்கிட்டார் இல்லாமல் பாடினார். அப்போதும் அது நிமிர்ந்து நின்றது. அந்த வலு அதை எழுதிய பெரியவரிடமிருந்து வந்தது.

உங்கள் திரைப்பாடல் பகுதியிலும் இதே குறை உண்டு. பாடகர் பெயர் வரும், கவிஞர் பெயர் வரும், இசையமைப்பாளர் படம் பெரிதாக வரும். புல்லாங்குழல் யார், ஷெனாய் யார், மவுத் ஆர்கன் யார் என்று ஒருநாளும் வந்ததில்லை. இதைப் பற்றி நான் ஏற்கெனவே இரண்டு கடிதம் எழுதினேன். இரண்டும் வெளிவரவில்லை. இடமில்லாமல் போயிருக்கலாம் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். முப்பத்தொரு வருடமாகச் சந்தா கட்டும் வாசகனுக்கு ஓர் அஞ்சலட்டையாவது போட்டிருக்கலாம்.

இந்தக் கடிதத்தையும் வெளியிடாவிட்டால் பரவாயில்லை. அடுத்த இதழில், எந்த மூலையிலாவது, ஒரே ஒரு திருத்தம் போடுங்கள்: "'ட்ரெய்ன், ட்ரெய்ன்' பாட்டின் தொடக்கத்தில் கேட்பது மவுத் ஆர்கன். வாசித்தவரும் பாட்டை எழுதியவரும் ஷார்ட்டி மெட்லாக்." பெயரில் எழுத்துப்பிழை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
பொன்மலை, திருச்சி.