ஒரே கல்லறைத் தோட்டம், ஒரே தூம்பா: தமிழக ஆயர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்புக்குரிய ஆயர் பெருந்தகையீர்,

கிறிஸ்துவில் அன்பு வணக்கம். இறந்தோரை நினைவுகூரும் கல்லறைத் திருநாளான நவம்பர் 2 நெருங்குகிறது. கல்லறைகளைச் சுத்தம் செய்து வெள்ளையடிக்கச் சொல்லும் அறிவிப்புகளோடு குரு வந்து கல்லறைகளை ஆசீர்வதிக்கும் மந்திரிப்பு நேரமும் பங்குகளில், அதாவது ஒரு குருவின் பொறுப்பிலுள்ள சபைகளில், வாசிக்கப்படும். சில பங்குகளில் அது இரண்டு நேரமாக இருக்கும்: முதலில் ஊர்க் கல்லறை, பிறகு தலித் மக்களின் காலனிக் கல்லறை. பலிபீடத்தருகே நின்று இதை வாசிக்கும் குருவுக்கும் நா கூசவில்லை, கேட்கும் நமக்கும் உறைக்கவில்லை. அதனால்தான் இந்த மடல்.

எந்தெந்தப் பங்குகள் என்று நாங்கள் பட்டியல் தர வேண்டியதில்லை. பங்கு விசாரணைக்குப் போன இடங்களில் நீங்களே பார்த்திருக்கிறீர்கள். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையும் திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு இருப்பதை ஒப்புக்கொண்டது. எனவே ஆதாரம் தேடும் கட்டம் முடிந்துவிட்டது. நாங்கள் கேட்பது இதுதான்: ஒரு பங்குக்கு ஒரே கல்லறைத் தோட்டம், ஒரே தூம்பா (சவப்பெட்டியைக் கொண்டுபோகும் வண்டி), ஒரே பாதை. இதை மறைமாவட்ட ஆணையாக எழுத்தில் தாருங்கள்.

இத்தகைய ஊர்களில் காலனியில் ஒரு சாவு விழுந்தால் நடப்பது உங்களுக்குத் தெரியும். கோவிலில் பாஸ்கா திரி (உயிர்ப்புப் பெருவிழாவில் ஏற்றும் மெழுகுதிரி) எரியும். திருமுழுக்கின் நினைவாகப் பெட்டிமேல் வெள்ளைத் துணி விரிப்பார்கள். தீர்த்தம், தூபம், செபம் எதிலும் குறை இருக்காது. வாசற்படி இறங்கியதும் பிரிவினை தொடங்கும். ஊர்த் தூம்பா கொட்டகையில் பூட்டிக் கிடக்கும், சாவி சாதி நாட்டாண்மையிடம். தேர் ஓடும் தெருவில் காலனிச் சவம் போகக் கூடாது. வாய்க்கால் கரையைச் சுற்ற வேண்டும். ஐப்பசி மழையில் அந்தக் கரையில் வண்டி இறங்காது. ஆறு பேர் தோள் கொடுத்து, சேற்றில் கால் வழுக்க, பெட்டி சரியாமல் பிடித்துக்கொண்டு போவார்கள். வயதான பெண்கள் பாதி வழியிலேயே நின்றுவிடுவார்கள். பெற்ற பிள்ளையின் குழியில் ஒரு பிடி மண் போடத் தாயால் முடியாமல் போகும். தார்ச்சாலையோ கூப்பிடு தூரத்தில் கிடக்கும். உடலின் உயிர்ப்பை நம்புகிறேன் என்று ஞாயிறுதோறும் அறிக்கையிடும் சபை அந்த உடலை இப்படித்தான் அனுப்பி வைக்கிறது.

"ஊர் ஒத்துக்கொள்ள வேண்டுமே" என்பது வழக்கமான பதில். திருச்சபைச் சட்டம் ஊரைக் கேட்கச் சொல்லவில்லை. பங்குக்குச் சொந்தக் கல்லறை இருந்தால், இறந்தவரோ குடும்பத்தாரோ முறைப்படி வேறு கல்லறையைத் தேர்ந்திருந்தாலொழிய, இறந்த விசுவாசிகளை அதில்தான் அடக்க வேண்டும் என்கிறது அதன் 1180-ஆம் விதி. புனித இடத்தின் தூய்மைக்கு ஒவ்வாதது எதுவும் அங்கே கூடாது என்கிறது 1210. கல்லறை ஒழுங்குக்குத் தனிச்சட்டத்தால் விதி வகுக்க வழி செய்கிறது 1243. தனியார் கல்லறையை மந்திரிப்பதுகூட ஆயரின் தீர்ப்புக்கு உட்பட்டது என்கிறது 1241. அதிகாரம் உங்கள் கையில்தான் இருக்கிறது. திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளம் கோவிலுக்குள் சாதியைப் பிரித்து நின்ற சுவர் 1910-இல் இடிக்கப்பட்டது. எதிர்த்தவர்கள் நீதிமன்றம் வரை போனார்கள். சுவர் திரும்ப எழவில்லை.

ஆணை பலிக்க வேண்டுமானால் முதலில் ஒவ்வொரு கல்லறைக்கும் பட்டாவும் வில்லங்கச் சான்றும் எடுத்துப் பாருங்கள். பட்டா மறைமாவட்டத்தின் பெயரில் இருந்தால் நடுச்சுவரை எடுக்க யாருடைய சம்மதமும் வேண்டாம். மயானப் புறம்போக்கு என்றால் அங்கே சாதிச் சுவர் கட்ட எவருக்கும் உரிமை கிடையாது. வட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். சாதிச் சங்கத்தின் பெயரில் இருந்தால் அங்கே குரு போக வேண்டாம், மந்திரிப்பும் வேண்டாம். பங்கு வேறு இடம் வாங்கட்டும்.

சுவரை இடிப்பதோடு வேலை முடியாது. குடும்பக் கல்லறை என்ற பெயரில் சிமென்டும் கிரானைட்டும் போட்டு மேட்டு நிலத்தை ஏற்கெனவே வளைத்திருப்பார்கள். மிச்சம் இருப்பது தண்ணீர் தேங்கும் மூலை; காலனிக் குழிகள் அங்கேதான் போகும். சுவர் போன பிறகும் கோடு அப்படியே இருக்கும். இதற்கு ஒரே மருந்து, இறந்த தேதி வரிசைப்படி அடக்குவது. இன்று இறந்தவருக்கு அடுத்த குழி நாளை இறப்பவருக்கு, அவர் எந்தத் தெருவாக இருந்தாலும். கல்லறைப் பதிவேட்டில் வரிசை எண்ணும் குழி எண்ணும் எழுதப்பட வேண்டும். புதிதாக நிரந்தரக் கட்டுமானம் கூடாது. மணற்பாங்கான மண்ணில் உடல் சீக்கிரம் மக்கும், களிமண்ணில் தாமதமாகும். அதைப் பார்த்து மறுபடி தோண்டும் கால அளவைப் பங்குப்பேரவை முடிவு செய்யட்டும். தூம்பா பங்கின் சொத்தாக, சாவி பங்குத்தந்தையிடம் இருக்க வேண்டும். மறுக்கும் ஊரில் அந்த ஆண்டு கொடியேற்றமும் தேரும் இல்லை என்று ஆணையிலேயே எழுதுங்கள். அபராதத்துக்கு அஞ்சாத ஊர்கூடத் தேர் நின்றுபோவதைத் தாங்காது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஒவ்வோர் ஆகஸ்ட் 10-லும் கறுப்பு நாள் அனுசரிக்கிறோம். பட்டியல் சாதித் தகுதியை மத அடிப்படையில் வரையறுக்கும் 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தியை நீக்கச் சொல்லித் தில்லியில் போராடுகிறோம். சீக்கியருக்கு 1956-லும் பௌத்தருக்கு 1990-லும் கிடைத்த அந்தத் தகுதி தலித் கிறிஸ்தவருக்கு இன்னும் மறுக்கப்படுகிறது. அந்தக் கோரிக்கை நூற்றுக்கு நூறு நியாயம். நீங்கள் முன்னால் நின்றால் பின்னால் வருவோம். ஆனால் கிறிஸ்தவத்தில் தீண்டாமைக் கொடுமை இருந்ததில்லை என்று 2022-இல் ஒன்றிய அரசு உச்ச நீதிமன்றத்தில் சொன்னபோது, இருக்கிறது என்று வாதிட்டோம். தில்லியில் இருக்கிறது என்று சொல்வதைப் பங்கில் ஏன் இல்லை என்கிறோம்? பொன்மோதிரம் அணிந்தவனை இங்கே உட்கார் என்றும் ஏழையை அங்கே நில் என்றும் சொல்லாதீர்கள் என்று விவிலியத்தில் யாக்கோபு எழுதியது உலகத்துக்கா, சபைக்கா? எல்லாவகைப் பாகுபாடும் கடவுளின் திட்டத்துக்கு எதிரானது என்று 1965-இல் உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தபோது நம் கல்லறைகளுக்கு விலக்கு தந்ததா?

குரல் உயர்ந்திருந்தால் பொறுத்தருளுங்கள். உங்களை மேய்ப்பர்களாக மதிப்பதால்தான் உங்களிடம் வருகிறோம். பணிவோடு மீண்டும் கேட்கிறோம்: ஒரே கல்லறைத் தோட்டம், ஒரே தூம்பா, ஒரே பாதை. இந்த ஆணையை நவம்பர் 2-க்கு முன் எல்லாப் பங்குகளிலும் கிளைக்கிராமங்களிலும் ஞாயிறு பூசையில் வாசிக்கச் செய்யுங்கள். எந்தப் பங்கு நிறைவேற்றியது, எது மறுத்தது என்ற அறிக்கையை வரும் பாஸ்காவுக்குள் வெளியிடுங்கள்.

கிறிஸ்துவில் பணிவுடன்,
தமிழகப் பங்குகளின் பொதுநிலையினர்