ரஷ்த் கடைத்தெரு ஆலிவ்காரருக்கு நன்றி

வடக்கு ஈரானின் ரஷ்த், 2015 முதல் யுனெஸ்கோ பட்டியலில் உள்ள உணவு நகரம். ஆனால் அம்மா கறி, மீன் தொட மாட்டார், முட்டை சரி. நல்ல மழை, பசி வேறு. கைபேசியில் மொழிபெயர்த்துக் கடை கடையாகக் காட்டிக்கொண்டிருந்தோம்.

ஐயா, நாங்கள் உங்களிடம் எதுவும் கேட்கவில்லை. நீங்களாகவே கடையைப் பக்கத்துப் பையனிடம் விட்டுவிட்டு, அம்மாவுக்குக் குடைபிடித்து ஒரு சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப் போனீர்கள். அடுப்படிக்கே போய்ச் சொன்னீர்கள். சுட்ட கத்தரிக்காயில் பூண்டு, தக்காளி, முட்டை சேர்த்த மிர்சா காசெமி வந்தது. அதோடு மாதுளைச் சாறும் வால்நட்டும் பிசைந்த உங்கள் ஆலிவ் ஒரு பொட்டலம்! காசு நீட்டினால் நெஞ்சில் கைவைத்துத் தலையசைத்துவிட்டீர்கள்.

ரஷ்த் பக்கம் போகிறவர்கள் யாராவது அவரிடம் சொல்லுங்கள்: அம்மா அன்று இரண்டாவது தடவையும் சோறு கேட்டு வாங்கினார்.